செவலைக்குத் தண்ணி காட்டினியா?

வயிற்றைப் பற்றி எழுதுவதென்றால் பத்திரிகைக்காரனுக்குக் கொஞ்சம் கூச்சந்தான். காதலைப் பற்றி எழுதலாம். காவேரியைப் பற்றி எழுதலாம். குடலைப் பற்றி எழுதினால், "காலைக் காப்பியும் கையுமாக உட்காருகிற வேளையில் இது என்ன பேச்சு?" என்று நேயர்கள் கோபித்துக் கொள்ள மாட்டார்களா?

ஆனாலும் எங்கள் ஆசிரியர் விடவில்லை. சென்ற ஆண்டு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "வயிற்றுக்குள் இருக்கும் பாக்டீரியாக்கள் மூளையையே ஆட்டி வைக்கின்றனவாமே! நம் வீட்டுப் பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் புரிகிற மாதிரி ஒரு கட்டுரை எழுதும்" என்று உத்தரவு போட்டார்.

நானும் ஒரு மாதம் உட்கார்ந்து படித்தேன். நன்றாகப் படித்தவனால் ஆபத்தில்லை. ஒன்றும் படிக்காதவனாலும் ஆபத்தில்லை. ஒரு மாதம் படித்தவன் இருக்கிறானே, அவனிடந்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்! எப்படி என்று கேளுங்கள்.

முதலில், நான் படித்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நம் உடம்புக்குள் எத்தனை பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன? 2016-ஆம் ஆண்டில் இஸ்ரேலிலுள்ள வைஸ்மான் விஞ்ஞான நிலையத்தாரும் கானடா நாட்டு நண்பர் ஒருவரும் சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 70 கிலோ எடையுள்ள ஒரு மனிதனிடம் சுமார் 38 லட்சம் கோடி! அவனுடைய சொந்த உயிரணுக்களோ சுமார் 30 லட்சம் கோடிதான். அதாவது, ஓட்டெடுப்பு நடத்தினால் நம் உடம்பில் நமக்கே மெஜாரிட்டி கிடையாது. இவ்வளவு பேரையும் திரட்டித் தராசில் வைத்தால் 200 கிராம் தேறும். ஒரு டம்ளர் காப்பியின் கனம். பெரும்பாலோருக்கு வாசஸ்தலம் பெருங்குடல்.

இவர்கள் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் அல்ல. நம்மால் ஜீரணிக்க முடியாத நாரையும் மாவையும் இவர்கள் புளிக்க வைத்துச் சில அமிலங்களாக மாற்றுகிறார்கள். குடலின் உள்தோலுக்கு அந்த அமிலங்களே ஆகாரம். சில வைட்டமின்களையும் இவர்கள் தயாரிக்கிறார்கள்.

மூளைக்கும் வயிற்றுக்கும் நேரடியாக ஒரு தந்திக் கம்பியும் இருக்கிறது. வேகஸ் என்று பெயர். மண்டையிலிருந்து கிளம்பி வயிறு வரை இறங்கும் நீண்ட நரம்பு. அதிலுள்ள இழைகளில் பத்தில் எட்டு, கீழேயிருந்து மேலே செய்தி கொண்டு போகிறவை. தலைமை ஆபீஸ் போடும் உத்தரவை விடக் கிளை ஆபீஸ் அனுப்பும் தபால்தான் அதிகம்!

2004-ஆம் ஆண்டில் ஜப்பானின் கியூஷூ பல்கலைக் கழகத்தில் ஒரு கிருமி கூட இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளைப் பரீட்சித்தார்கள். சற்று நேரம் நெருக்கி அடைத்து வைத்தால், மற்ற எலிகளை விட அவற்றுக்குப் பதற்றத்தில் சுரக்கும் ரசங்கள் அதிகமாகச் சுரந்தன. இளம் வயதிலேயே ஒரு நல்ல பாக்டீரியாவைக் குடியேற்றினால் அந்தப் பதற்றம் தணிந்தது. 2011-இல் இன்னொரு கூட்டத்தார், தயிர் வகையைச் சேர்ந்த ஒரு பாக்டீரியாவைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். அவற்றின் பயம் குறைந்தது. வேகஸ் நரம்பைத் துண்டித்து விட்டுக் கொடுத்தபோது அந்தப் பலன் காணவில்லை!

இதையெல்லாம் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. காரியாலயத்தில் யாராவது சிடுசிடுத்தால், "காலையில் என்ன சாப்பிட்டீர்?" என்று கேட்க ஆரம்பித்தேன். அத்தோடு நின்றிருந்தால் பாதகமில்லை. என் வைத்தியத்தை எங்கள் அம்மிச்சியிடமே காட்டப் போனேன்.

*

அம்மிச்சி என்றால் அம்மாவைப் பெற்றவள். கோயமுத்தூரிலிருந்து வடக்கே, அன்னூர்ப் பக்கத்தில் அவள் ஊர். வானம் பார்த்த பூமி. சோளமும் கம்பும் கொள்ளும் விளைந்த காடு. சாளைக்கு முன்னால் ஒரு வேம்பு. வேம்புக்கு அப்பால் கட்டுத்தரை. அந்தக் கட்டுத்தரையில் நாலு மாடுகள் நின்ற காலத்தில், அம்மிச்சி சொஸைட்டிக்கு ஊற்றிய பாலின் கணக்கை நோட்டில் எழுதி வைத்துக் கொண்டதே இல்லை. பதினைந்து நாள் கணக்கும் மனத்திலேயே இருக்கும். ஒரு தடவை சொஸைட்டிக்காரர் அரை லிட்டர் குறைத்து எழுதிவிட்டு, அம்மிச்சி போய் நின்றதும் நோட்டைப் பார்க்காமலேயே திருத்திக் கொடுத்தார் என்று எங்கள் வீட்டில் இன்றும் சொல்வார்கள்.

ஆறு வருஷங்களுக்கு முன்பு போர்க் கிணறு வற்றிப் போயிற்று. 800 அடி இறக்கியும் புழுதிதான் வந்தது. மாமா ஒவ்வொரு மாடாக விற்றார். கடைசியாகப் போனது செவலை. பெயருக்கு ஏற்ற சிவப்பு. நெற்றியில் மட்டும் வெள்ளைப் பொட்டு. அன்றைக்கு அம்மிச்சி ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

மாடுகள் போன பிறகு அவள் பால், மோரை விட்டுவிட்டாள். "நம்ம கட்டுத்தரையில மாடில்லாம, பாக்கெட்டுப் பாலுக்கு எதுக்குக் காசு குடுக்கறது?" என்று வறக்காப்பிக்கு மாறினாள். அப்பச்சி காலமான வருஷமே மருதமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு கறியும் முட்டையும் விட்டாயிற்று. பன்னிரண்டு வருஷங்களாகச் சர்க்கரை வியாதிக்கு மெட்பார்மின் மாத்திரை வேறு. இவையெல்லாம் தனித் தனிச் சங்கதிகள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

சென்ற ஆண்டு அவளுக்கு வயது எழுபத்து நாலு. "பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்குது" என்றாள். காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தது கூடத் தெரியாமல் நாலடி நடந்து போவாள். பிறகு மறதி வந்தது. அடுப்பில் வைத்ததை மறந்தாள். அப்புறம் ஆளை மறந்தாள். யார் மனமும் நோகப் பேசத் தெரியாதவள், "என்ற பணத்தை எடுத்தது யாரு?" என்று என் அம்மாவைப் பார்த்தே கேட்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் நான் போய் இறங்கியபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்கண்ணு, செவலைக்குத் தண்ணி காட்டினியா?" என்றாள.

பட்டணத்தில் தண்ணி காட்டுவது என்றால் ஏமாற்றுவது. எங்கள் பக்கத்தில் அது மாட்டுக்குத் தாகம் தீர்ப்பது. கட்டுத்தரை காலியாகக் கிடந்தது. என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், "காட்டிட்டனுங்க அம்மிச்சி" என்று சொல்லிவிட்டேன். அவள் திருப்தியாகத் தலையை ஆட்டினாள். உள்ளே அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக் கொண்டு அழுதாள்.

"வயசாச்சல்லொ மாப்ளே! அப்படித்தான் இருக்கும்" என்றார் மாமா.

"வயசெல்லாம் இல்லீங்க மாமா, வயிறு! எல்லாம் வயிற்றில்தான் இருக்கிறது" என்றேன் நான்.

என் வைத்தியம் ஆரம்பமாயிற்று. காலையில் பழைய சோறும் நீராகாரமும். மத்தியானம் புளித்த கம்மங்கூழ். இரவில், மருந்துக் கடையில் நல்ல விலை கொடுத்து வாங்கிய 'நல்ல பாக்டீரியா' மாத்திரை. அம்மிச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பழைய சோத்தை எனக்கே சொல்லிக் குடுக்கறயா கண்ணு?" என்றாள். அன்றைக்கு அவள் புத்தி தெளிவாக இருந்த வேளை.

இப்படி நாலு மாதங்கள் கழிந்தன. எனக்கு மட்டும் முன்னேற்றம் தெரிந்து கொண்டே இருந்தது.

*

ஒரு நாள் இரவு மின்சாரம் நின்றிருந்த சமயம், வாசற்படி இறங்கப் போய் அம்மிச்சி விழுந்துவிட்டாள். எலும்பு முறியவில்லை, நெற்றியில் காயம். காயத்துக்குத் தையல் போடத்தான் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம்.

அங்கே இருந்த டாக்டர் அம்மாளுக்கு முப்பது வயது கூட இராது. தையல் போட்டு முடித்தவர், "பாட்டிம்மா, நாக்கை நீட்டுங்க" என்றார். நாக்கு மேடு பள்ளம் இல்லாமல் வழவழவென்று சிவந்திருந்தது. பிறகு அதிரும் இரும்புக் கவை ஒன்றைத் தட்டிக் கால் விரலில் வைத்தார். "ஏதாவது தெரியுதுங்களா?" "ஒண்ணுந் தெரியலையே அம்மிணி" என்றாள் அம்மிச்சி. அப்புறம் கேள்வி மேல் கேள்வி: கறி சாப்பிடுவீர்களா, பால் குடிப்பீர்களா, சர்க்கரைக்கு என்ன மாத்திரை, எத்தனை வருஷமாக?

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பி12 என்ற வைட்டமின் தரைமட்டத்தில் இருந்தது.

"இருட்டில் விழுந்தது தற்செயல் இல்லை" என்றார் டாக்டர். "கால் எந்த இடத்தில் இருக்கிறது என்ற செய்தியை முதுகுத் தண்டு மூளைக்கு அனுப்ப வேண்டும். பி12 குறைந்தால் அந்தப் பாதை பழுதாகி விடுகிறது. பகலில் கண் பார்த்துச் சமாளித்தது. இருட்டில் அந்த உதவியும் போயிற்று. மறதியும் சந்தேகமும் கூட இதனால் வரலாம். சர்க்கரையால் கால் மரத்துவிட்டது, வயதால் மறதி வந்துவிட்டது என்று விட்டுவிட்டால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது."

நான் மெதுவாக என் பழைய சோற்று வைத்தியத்தைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "பழைய சோறு நல்லதுதான். ஆனால் பி12-க்கு அதை நம்பி இருக்க முடியாது. நாலு மாசம் முன்னாலேயே கூட்டி வந்திருந்தால் இன்னும் நல்லது. நரம்பு கெட்டால் எல்லாம் திரும்பும் என்று சொல்ல முடியாது" என்றார்.

அந்த நாலு மாதம் என் கணக்கில் எழுத வேண்டியது. மாமா "வயசாச்சு" என்றபோதே எல்லோருமாக டாக்டரிடம் போயிருப்போம்; 'எல்லாம் தெரிந்த' நான் குறுக்கே நின்றுவிட்டேன்.

*

வீட்டுக்கு வந்து மறுபடியும் புத்தகங்களை எடுத்தேன். இந்தத் தடவை கொஞ்சம் பயபக்தியோடு.

ரத்த சோகை நோயாளிகளை ஈரலைத் தின்ன வைத்துப் பிழைக்க வைத்தார்கள், 1926-ஆம் ஆண்டில் அமெரிக்க டாக்டர்கள் மைனாட்டும் மர்ஃபியும். அந்த ஈரலுக்குள் ஒளிந்திருந்த பொருளை 1948-இல் செக்கச் செவேல் என்ற படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். அதுவே பி12. அதன் சிக்கலான உருவத்தை எக்ஸ்-ரே கொண்டு கண்டு சொன்னவர் டாரதி ஹாட்கின் என்ற ஆங்கிலப் பெண்மணி. 1964-இல் நோபல் பரிசு பெற்றார்.

இதில் ஒரு வேடிக்கை. உலகத்தில் எந்தச் செடியாலும் பி12 தயாரிக்க முடியாது. எந்தப் பிராணியாலும் முடியாது. பாக்டீரியாக்களாலும் அவற்றைப் போன்ற சில நுண்ணுயிர்களாலும்தான் முடியும்! வயிற்றுப் பாக்டீரியாவுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று ஜப்பான் வரை தேடிப் போனேனே, அந்தச் சம்பந்தம் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது.

"அப்படியானால் நம் குடலிலும் லட்சக் கணக்கான கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றனவே, அவை தயாரித்துத் தரக் கூடாதா?" என்று கேட்பீர்கள். தயாரிக்கின்றன, ஆனால் பெருங்குடலில். உடம்பு பி12-ஐ உள்ளே வாங்கிக் கொள்வதோ சிறுகுடலின் கடைசிப் பகுதியில். அதற்கும் இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருள் துணைக்கு வர வேண்டும். காளிங்கராயன் வாய்க்கால் பக்கத்துக் குடியானவரைக் கேளுங்கள்: மடையைத் தாண்டிக் கீழே போன தண்ணீர் மேல் வயலுக்குப் பாயுமா?

ஆனால் இங்கேதான் நம் வேலூர் வருகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஸெல்வின் பேக்கர் என்ற ஆஸ்திரேலிய டாக்டரும் டாக்டர் வி. ஐ. மாத்தனும், 1960-களில் சுற்று வட்டாரக் கிராமங்களில் பரவிய 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோயை ஆராய்ந்தார்கள். வயிற்றுப் போக்கில் ஆரம்பித்து, சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் ஆளை உருக்கும் வியாதி அது. அந்த வழியாகக் குடலின் கிருமிகளைப் பற்றி உலகத்துக்கே சொல்லக் கூடிய விஷயங்களை இவர்கள் தெரிந்து கொண்டார்கள். 1980-இல் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 'நேச்சர்' என்ற பிரசித்தி பெற்ற பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் சிறுகுடலிலேயே, மடைக்கு மேலேயே, பி12 தயாரிக்கக் கூடிய பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று!

இதைப் படித்து உடனே பி12 ஊசி வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவை தயாரிப்பது ஒருவருக்குப் போதும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. சிறுகுடலில் கிருமிகள் அளவுக்கு மீறிப் பெருகினால், நாம் சாப்பிட்ட பி12-ஐயே அவை தின்றுவிடுவதும் உண்டு. உழைக்கிறவனும் அவனே, திருடுகிறவனும் அவனே!

நம் பழைய சோற்றுக்கும் வேலூரிலிருந்து ஒரு நற்சாட்சி கிடைக்கிறது. 2000-ஆம் ஆண்டில் டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் சகாக்களும் காலரா கண்ட 48 பேரிடம் ஒரு சோதனை செய்தார்கள். உப்புக் கரைசலோடு, சிறுகுடலில் ஜீரணமாகாத ஒரு வகை மக்காச்சோள மாவைச் சேர்த்துக் கொடுத்தபோது பேதி சீக்கிரம் நின்றது. அந்த மாவு பெருங்குடலுக்குப் போய், பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து, அதில் வரும் அமிலங்கள் உப்பையும் நீரையும் உடம்பு இழுத்துக்கொள்ள உதவுகின்றன. வடித்த சோற்றை ஆறவைத்தால் அந்த வகை மாவு அதிலும் சற்றுக் கூடுகிறது. பழைய சோற்றுக்கு இந்த மட்டும் மரியாதை போதாதா? அதைத் தன்வந்திரியாக ஆக்கியது என் குற்றம்.

சுண்டெலியைச் சாந்தப்படுத்திய அந்தப் பாக்டீரியா என்ன ஆயிற்று என்று கேட்பீர்களே! அதை 29 ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். பதற்றம் குறையவில்லை. எலிக்குப் பலித்தது மனிதனுக்குப் பலிக்கவில்லை. வயிற்றுக்கும் மனத்துக்கும் உறவு இருப்பது வாஸ்தவம். அந்த உறவை மருந்துச் சீட்டாக எழுதும் வித்தைதான் இன்னும் கைவரவில்லை.

*

அம்மிச்சிக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள். முதலில் அடிக்கடி, பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. மூன்று வாரத்தில் நாக்கு எரிச்சல் அடங்கிற்று. இரண்டு மாதத்தில் பணத்தைத் தேடுவது நின்றது. என் அம்மாவின் கையைப் பிடித்துக் கொண்டு, "உன்னயப் போயி அப்படிக் கேட்டுப் போட்டனே சாமி!" என்று அழுதாள். கால் மட்டும் முழுதும் திரும்பவில்லை. கம்பை ஊன்றித்தான் நடக்கிறாள். அந்தக் கம்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நாலு மாதம் ஞாபகம் வரும்.

நேயர்களே! உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கால் மரத்துப் போனாலோ, தடுமாறினாலோ, திடீரென்று மறதியோ வீண் கோபமோ வந்தாலோ, "வயசாச்சு" என்று சொல்லாதீர்கள். என்னைப் போல் "வயிறு" என்றும் சொல்லாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அவர்கள் பால், முட்டை, கறி எதுவும் சேர்க்காதவர்களாயிருந்தாலும், வெகு காலமாக மெட்பார்மினோ அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோ சாப்பிடுகிறவர்களாயிருந்தாலும் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். பி12 அளவைப் பார்க்க ஒரு துளி ரத்தம் கொடுப்பதில் நஷ்டமில்லை. சர்க்கரை மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாட்டின் முதல் இரைப்பையில் பாக்டீரியாக்கள் கோடி கோடியாய் வாழ்கின்றன. மாடு தின்ற தட்டையிலும் புல்லிலும் இல்லாத பி12-ஐ அவைதான் தயாரித்து மாட்டுக்குக் கொடுக்கின்றன. அதில் ஒரு பங்கு பாலில் இறங்குகிறது. கறி விட்டுப் போன அம்மிச்சிக்கு அந்தப் பாலும் மோருந்தான் மிச்சமிருந்த வழி. மாத்திரை ஒரு காரணம், வயது ஒரு காரணம், இதுவும் ஒரு காரணம். எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது என்றார் டாக்டர். ஆனால் அம்மிச்சியின் புத்தி கலங்கிய நேரத்தில் அது செவலையைத் தேடிப் போயிற்றே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

போன தடவை ஊருக்குப் போனபோது பொழுது சாயும் நேரம். அம்மிச்சி அதே திண்ணையில் உட்கார்ந்து கட்டுத்தரையைப் பார்த்துக் கொண்டிருந்தாள். அந்தக் கேள்வி வந்துவிடுமோ என்று நான் பயந்து கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"செவலையை வித்து ஆறேழு வருஷம் ஆச்சல்லொ கண்ணு?" என்றாள்.

"ஆமாங்க அம்மிச்சி."

"அன்னைக்கு வண்டிக்காரன் அவசரப்படுத்தினான். தண்ணி காட்டாமயே ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. நானும் ஒண்ணும் பேசாம நின்னுட்டேன்."

வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போது பக்கத்துத் தோட்டத்திலிருந்து அவளுக்குப் பால் வருகிறது. கொண்டு வருகிற பையனை அவள் தினமும் வாசலிலேயே நிறுத்தி, "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?" என்று கேட்கிறாள். "காட்டிட்டனுங்க ஆத்தா" என்கிறான் அவன். அதற்குப் பிறகுதான் சொம்பைக் கையில் வாங்குகிறாள்.